ஏப்ரல் 23: இங்கிலாந்துத் தமிழ்ச் சங்கங்களுக்கு ஒரு திறந்த மடல்

இங்கிலாந்தில் இயங்கும் தமிழ்ச் சங்கங்கள், ஊர்ச் சங்கங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தமிழ்ப் பள்ளிகள் ஆகியவற்றின் நிர்வாகசபையினருக்கு,

வணக்கம்.

மார்ச் 1, மார்ச் 17, ஏப்ரல் 23, நவம்பர் 30. இந்த நான்கு திகதிகளையும் உங்களில் பலர் என்னைப் போலவே ஒரு காலத்தில் மனப்பாடம் செய்திருப்பீர்கள். பிரித்தானியக் குடியுரிமைக்காக எழுதும் ‘லைஃப் இன் த யூகே’ தேர்வில் 24 கேள்விகளுக்கு 45 நிமிடங்களில் விடையளிக்க வேண்டும், 18 சரியாக இருந்தால் தேறலாம் என்பதும், அதற்கான கைநூலில் வேல்ஸின் புனித டேவிட், அயர்லாந்தின் புனித பற்றிக், இங்கிலாந்தின் புனித ஜோர்ஜ், ஸ்கொட்லாந்தின் புனித அன்ட்ரூ ஆகிய பாதுகாவலர்களின் திருநாள்கள் வரிசையாகத் தரப்பட்டிருக்கும் என்பதும் உங்களுக்கு நினைவிருக்கலாம். பெற்றோல் நிலையத்தின் இரவு வேலையில், வாடிக்கையாளர் வராத இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், பற்றுச்சீட்டுத் தாளின் பின்புறத்தில் அந்தத் திகதிகளை எழுதி எழுதிப் பாடமாக்கினேன். தேர்வில் தேறிய மறுநாளே நான்கையும் மறந்துபோனேன். அவற்றில் மூன்றாவது திகதியைப் பற்றியே இந்த மடலை எழுதுகிறேன்.

சென்ற வசந்த காலத்தில், நான் படிப்பித்துவந்த தமிழ்ப் பள்ளி சனிக்கிழமைகளில் வாடகைக்கு எடுக்கும் மண்டபத்தின் பொறுப்பாளரான ஆங்கிலேய மூதாட்டி ஒருவர் எங்கள் நிர்வாகசபையிடம் ஒரு விண்ணப்பம் வைத்தார். புனித ஜோர்ஜ் திருநாளை ஒட்டி அயலவர்களுக்கு ஒரு தேநீர் விருந்து வைக்கப்போவதாகவும், நாங்களும் வந்து கலந்துகொண்டால் மகிழ்ச்சி என்றும், வடை கொண்டுவந்தால் இன்னும் மகிழ்ச்சி என்றும் அவர் சொன்னார். நாங்கள் ஏழு பேர் கூடிப் பேசினோம். வெள்ளையில் சிவப்புச் சிலுவை போட்ட அந்த இங்கிலாந்துக் கொடி இருக்கும் இடத்தில் நமக்கு என்ன வேலை என்றார் ஒருவர். படம் எடுத்து முகநூலில் போட்டால் நம்மவர்களே நம்மைக் கிழிப்பார்கள் என்றார் இன்னொருவர். அன்று எங்களுக்கு வேறு நிகழ்ச்சி இருப்பதாக அந்த அம்மாவுக்கு மறுமொழி அனுப்புவது என்று முடிவாயிற்று. எங்களுக்கு எந்த நிகழ்ச்சியும் இருக்கவில்லை. அந்த முடிவுக்குக் கை உயர்த்தியவர்களில் நானும் ஒருவன்.

அந்த ஆண்டு, 2025 ஓகஸ்ட் மாதம், என்ன நடந்தது என்பது உங்களுக்குத் தெரியும். ‘ஒப்பரேஷன் ரெய்ஸ் த கலர்ஸ்’ என்ற பெயரில் நாட்டின் பல நகரங்களில் விளக்குக் கம்பங்கள்தோறும் புனித ஜோர்ஜின் சிலுவைக் கொடியும் யூனியன் கொடியும் கட்டப்பட்டன. சிறிய சுற்றுவட்டங்களின் வெள்ளை வட்டத்தின் மீது சிவப்புச் சிலுவை தீட்டப்பட்டது. பேர்மிங்காமிலும் டவர் ஹம்லெற்ஸிலும் கவுன்சில்கள் அவற்றைக் கழற்றப் போக, கழற்றியதே பெரிய சண்டையாயிற்று. எங்கள் மண்டபத்தின் வாகனத் தரிப்பிடத்துக்கு எதிரே நின்ற கம்பத்திலும் ஒரு கொடி, பிளாஸ்டிக் பட்டியால் இறுக்கப்பட்டுத் தொங்கியது. செப்ரெம்பரில் பள்ளி தொடங்கிய முதற் சனிக்கிழமை, ஆண்டு நான்கில் படிக்கும் சிறுவன் ஒருவன் அதைக் காட்டி, “ரீச்சர், அது எங்களுக்கு எதிரான கொடியா?” என்று கேட்டான். அவன் மேற்சட்டைக்குள்ளே அணிந்திருந்தது மூன்று சிங்கங்கள் பொறித்த இங்கிலாந்து உதைபந்தாட்ட அணியின் சட்டை. அந்தச் சட்டையை வாங்கிக்கொடுத்த தகப்பனாரோ, அதற்கு முந்திய ஆண்டு, 2024 ஓகஸ்டில், சவுத்போர்ட் கொலைகளின் பின் பள்ளிவாசல்களும் புகலிடக் கோரிக்கையாளர் தங்கிய விடுதிகளும் தாக்கப்பட்ட கிழமையில், கடையை நேரத்தோடு பூட்டிவிட்டுப் பின்கதவால் வீட்டுக்குப் போனவர். பையனுக்கு நான் சொன்ன பதில், “வா, பிந்திவிட்டது, உள்ளே போவோம்” என்பது மட்டுமே.

இந்த மடலை அந்தப் பையனுக்குச் சொல்லாமல் விட்ட பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

முதலில், யாருடைய திருநாளை நாம் தவிர்த்தோம் என்பதைப் பார்ப்போம். மரபின்படி புனித ஜோர்ஜ் கப்படோக்கியாவில், அதாவது இன்றைய துருக்கியில், வேர்கொண்ட குடும்பத்தவர், தாய் பாலஸ்தீனத்தவர், உரோமப் படையில் பணியாற்றியவர், பேரரசன் டயோக்கிளீசியன் கிறிஸ்தவர்களை வதைத்த காலத்தில், ஏறத்தாழ 303ஆம் ஆண்டளவில், அரச கட்டளைக்கு இணங்க மறுத்ததற்காகக் கொல்லப்பட்டவர். அவருடைய கல்லறை இன்றைய இஸ்ரேலின் லொட் நகரில் இருப்பதாக நம்பப்படுகிறது. இங்கிலாந்து மண்ணில் அவர் கால் வைத்ததில்லை. பறவைநாகத்தைக் கொன்ற கதை பல நூற்றாண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டது. அவர் ஜோர்ஜியாவுக்கும் எத்தியோப்பியாவுக்கும் கற்றலோனியாவுக்கும்கூடப் பாதுகாவலர். பெத்லகேமுக்கு அருகிலுள்ள அல்-காதர் என்ற ஊரில் கிறிஸ்தவரும் முஸ்லிம்களும் ஒன்றாக அவரிடம் நேர்த்தி வைக்கிறார்கள். இன்று விசா கேட்டு விண்ணப்பித்தால் இந்த மனிதருக்குக் கிடைக்குமா என்பது எனக்குச் சந்தேகம்.

இங்கிலாந்துக்குச் சொந்த மண்ணில் பிறந்த புனிதர்கள் இல்லாமலில்லை. எட்மண்ட் என்ற அரசரும் எட்வேட் என்ற அரசரும் முன்பு அந்த இடத்தில் இருந்தார்கள். 1222இல் ஒக்ஸ்ஃபோர்டில் கூடிய திருச்சபை மன்றம் ஜோர்ஜின் திருநாளை ஏற்றுக்கொண்டது. 1348 அளவில் மூன்றாம் எட்வேட் மன்னன் தான் நிறுவிய கார்ட்டர் வீரர் குழுவுக்கு அவரையே பாதுகாவலராக்கினான். 1415இல், பிரான்சுக்கு எதிரான அஜின்கோர்ட் போர் வெற்றியின் பின், ஜோர்ஜின் திருநாள் நாட்டின் பெருந்திருநாள்களில் ஒன்றாயிற்று. உள்ளூர் அரசர்களை ஓரமாக வைத்துவிட்டு ஒரு வெளியூர்க்காரரைத் தங்கள் காவலுக்கு அழைத்துக்கொண்டவர்கள் இந்த நாட்டவர்கள்தாம் என்பதை, ‘இங்கிலாந்து இங்கிலாந்தவர்க்கே’ என்று முழங்குபவர்களுக்கு யாராவது நினைவூட்டலாம். முழக்கம் நிற்காது, ஒரு கணம் தடுமாறும்.

பிறகு அந்தத் திருநாள் தேய்ந்தது. ஸ்கொட்லாந்துடன் 1707இல் ஒன்றிணைந்து பேரரசாக வளர்ந்த இங்கிலாந்துக்குத் தன்னைத் தனியாகக் கொண்டாட வேண்டிய தேவை குறைந்துவிட்டது. 1966இல் வெம்பிளியில் உலகக் கிண்ணத்தை வென்ற நாளின் படங்களைப் பாருங்கள்: இரசிகர் கைகளில் பெரும்பாலும் யூனியன் கொடிதான். சிலுவைக் கொடி அரங்கை நிறைத்தது 1996இன் ஐரோப்பியக் கிண்ணத்தின்போதுதான். இடையில் எழுபதுகளில் தீவிர வலதுசாரிக் கட்சியான நஷனல் ஃபிரண்ட் யூனியன் கொடியைத் தூக்கிக்கொண்டு நம்மைப் போன்றவர்களின் தெருக்களில் நடந்தது. 2009இல் தோன்றிய, அதே போக்குடைய இங்கிலிஷ் டிஃபென்ஸ் லீக் சிலுவைக் கொடியைத் தூக்கியது. ஆகையால் ஆங்கிலேயர்களிலேயே பலர் ஏப்ரல் 23ஐச் சற்றுக் கூச்சத்தோடுதான் கடக்கிறார்கள். கொடி கட்டினால் தன்னை இனவாதி என்று அயலவர் நினைப்பாரோ என்ற அச்சம் அவர்களுக்கு. கட்டியவர் இனவாதியோ என்ற அச்சம் நமக்கு. இந்த இரண்டு அச்சங்களுக்கும் நடுவில் அந்த நாள் யாரும் உரிமை கோராத பொதியைப் போலக் கிடக்க, தூக்கிக்கொண்டு போக விரும்புபவர்கள் தூக்கிக்கொண்டு போகிறார்கள்.

நம் அச்சத்துக்கு நியாயம் இல்லையென்று நான் சொல்லவில்லை. அதற்கு இரண்டு வேர்கள் உண்டு. ஒன்று இங்கே, மற்றது ஊரில். சிங்கம் வாளை ஏந்தி நிற்க, நமக்கும் முஸ்லிம்களுக்குமான கோடுகள் அதன் சட்டகத்துக்கு வெளியே நிற்கும் இலங்கைக் கொடியின் கீழ்ப் பிறந்தவர்கள் நாம். இலங்கையின் சுதந்திர தினமான பெப்ரவரி 4 நமக்குக் கொண்டாட்ட நாளாக இருந்ததில்லை. நம்மில் பலருக்கு அது கறுப்பு நாள். 2016இல் சுதந்திர தின விழாவில் தேசிய கீதம் தமிழிலும் பாடப்பட்டபோது என் தாயார் தொலைக்காட்சியின் முன் எழுந்து நிற்பதா வேண்டாமா என்று தெரியாமல் கதிரையின் விளிம்பில் இருந்தார். 2020இல் அது மீண்டும் சிங்களத்தில் மட்டும் என்றானபோது அவருக்கு அந்தக் குழப்பமும் இல்லாமற்போயிற்று. நாட்டுப்பற்று என்ற சொல், நம்மை யாராவது சோதிக்கும்போதுதான் நம் காதில் விழுந்திருக்கிறது. அந்தச் சொல்லைக் கேட்டதும் அடையாள அட்டையைத் தேடிச் சட்டைப்பைக்குள் கை போவது பழக்கத்தால் வந்தது. போதாததற்கு, எந்த மேடையில் எந்தக் கொடி என்று நமக்குள்ளேயே பல ஆண்டுகளாகச் சண்டை பிடித்துக் களைத்திருக்கிறோம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்த நண்பர்கள் வேறொரு காரணம் சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பனி சோழமண்டலக் கரையில் 1639இல் நிலம் பெற்றுக் கட்டிய கோட்டையின் பெயர் என்ன? புனித ஜோர்ஜ் கோட்டை. அதன் முதற்கட்ட வேலை 1640இல் ஏப்ரல் 23 அன்று நிறைவுற்றதால் அப்பெயர் வந்தது என்பது மரபுச் செய்தி. கம்பனியின் தொடக்ககாலக் கொடியின் மூலையில் இருந்ததும் இதே சிலுவை. அந்தச் சிலுவையின் கீழ் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பது நமக்குத் தெரிந்த கதை. அதை மறந்துவிட்டுத் தேநீர் குடிக்கச் சொல்வது எனது நோக்கமன்று. ஆனாலும் ஒன்றைக் கவனியுங்கள். அதே கோட்டைக்குள்தான் இன்று தமிழ்நாட்டுச் சட்டமன்றமும் தலைமைச் செயலகமும் இயங்குகின்றன. 1974 முதல் ஓகஸ்ட் 15 அன்று மாநில முதலமைச்சரே அதன் கொத்தளத்தில் கொடியேற்றுகிறார். தமிழ்நாட்டுச் செய்தியாளர்கள் நாள்தோறும் ‘கோட்டை வட்டாரம்’ என்று எழுதுகிறார்கள். அது எந்தப் புனிதரின் கோட்டை என்று எவரும் நினைத்துப் பார்ப்பதுகூட இல்லை. பெயர் அப்படியே இருக்க, உள்ளே இருப்பவர்கள் மாறியதால் பொருள் மாறிவிட்டது.

நாம் சைவர், புனிதர் திருநாள் நமக்கு எதற்கு என்ற மறுப்பை நீண்ட நேரம் ஆராய வேண்டியதில்லை. மடு மாதாவிடமும் வேளாங்கண்ணியிலும் நேர்த்தி வைத்து மொட்டையடித்துக்கொண்ட சைவர்கள் நம் ஒவ்வொரு குடும்பத்திலும் உண்டு.

அயர்லாந்துக்காரர்களின் அனுபவம் நமக்கு இன்னும் நெருக்கமானது. பற்றிக் அயர்லாந்தில் பிறந்தவரல்லர். பிரித்தானியாவிலிருந்து கடற்கொள்ளையர் பதினாறு வயதளவில் பிடித்துச் சென்று அடிமையாக்கிய சிறுவன். அவர் பெயரிலான ஊர்வலமோ அயர்லாந்துக்கு முன்பே, புலம்பெயர்ந்த அயர்லாந்தவர்களால் பதினெட்டாம் நூற்றாண்டு நியூயோர்க்கில் வேரூன்றியது. இங்கே பேர்மிங்காமிலும் அவர்கள் மார்ச் 17ஐ ஒட்டி ஊர்வலம் நடத்தினார்கள். 1974 நவம்பர் 21 அன்று அந்நகரின் மதுச்சாலைகளில் குண்டுகள் வெடித்து 21 பேர் இறந்தபின் அது நின்றது. குண்டு வைத்த அயர்லாந்து ஆயுதக் குழுவினருக்கும் ஊர்வலம் போனவர்களுக்கும் தொடர்பில்லை. ஆனால் அயர்லாந்துப் பேச்சின் ஒலிப்பைக் கேட்டாலே சந்தேகிக்கப்பட்ட காலம் அது. தங்கள் பெயரை மற்றவர்கள் கெடுத்துவிட்ட நிலையில், தங்கள் திருநாளைத் தாங்களே வீட்டுக்குள் மடித்து வைத்தார்கள். அந்த ஊர்வலம் மீண்டும் தெருவுக்கு வந்தது 1996இல். இடைப்பட்ட இருபதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளில் பிறந்து வளர்ந்த பிள்ளைகளை நினைத்துப் பார்க்கிறேன். நமக்கு அந்தப் பிள்ளைகளை விளங்கும்.

ஸ்கொட்லாந்துக்காரர்கள் இன்னொரு வழியைக் காட்டியிருக்கிறார்கள். நவம்பர் 30ஐ ஒட்டி, கிளாஸ்கோ நகரில் அந்நாட்டுத் தொழிற்சங்கப் பேராயம் ஆண்டுதோறும் இனவாதத்துக்கு எதிரான ஊர்வலம் நடத்துகிறது. புனித அன்ட்ரூ கலிலேயாக் கடலில் வலை வீசியவர். அவருடைய நாளில், இன்று படகில் வருபவர்களுக்காகவும் குரல் எழுகிறது. அந்த நாளை யாரிடமிருந்தும் அவர்கள் பறிக்கவில்லை. மற்றவர்கள் நிரப்புமுன் தாங்கள் நிரப்பினார்கள், அவ்வளவுதான்.

இங்கே, கொடியைப் பற்றி நமக்குத்தான் சொல்லத் தெரிந்த ஒரு விடயம் இருப்பதாக நினைக்கிறேன். நல்லூரில் கொடியேற்றத்துக்கு முதல் நாள் கொடிச்சீலையை மரியாதையோடு எடுத்துவருவார்கள். வேளாங்கண்ணியில் ஓகஸ்ட் 29 அன்று கொடி ஏறும். கொடியேறினால் ஊரில் மச்சம் காய்ச்சுவதில்லை, வெளிநாட்டில் இருப்பவர் பயணச்சீட்டுப் பார்க்கத் தொடங்குவார், சண்டைபிடித்த உறவினர்களும் வாசலுக்கு வருவார்கள். திருவிழா தொடங்கிவிட்டது, எல்லோரும் வாருங்கள் என்பதே அந்தக் கொடியின் செய்தி. தீர்த்தம் முடிந்தபின் கொடியிறக்கமும் அதே மரியாதையோடு நடக்கும். இறக்காத கொடியை நம் ஊரில் எவரும் கண்டதில்லை. எங்கள் மண்டபத்துக்கு எதிரே கட்டப்பட்ட கொடியோ இந்த மார்கழி வரை அங்கேயே கிடந்தது. மழையில் நனைந்து சிவப்பு இளஞ்சிவப்பாகி, ஓரம் நூல் நூலாகப் பிரிந்து, காற்றுக்குக் கம்பத்தைச் சுற்றி முறுகிப்போய், சிலுவை இருந்த இடமே தெரியவில்லை. கட்டியவர் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு நாட்டின் மீது பற்றுள்ளவர் அதன் கொடியை அப்படி விடமாட்டார் என்று சொல்ல, கொடியேற்றத்தையும் கொடியிறக்கத்தையும் அறிந்த நமக்கு உரிமை உண்டு.

நான் கேட்பதை நன்றிக்கடன் என்று எவரும் விளங்கிக்கொள்ளக்கூடாது. நமக்கு இடம் தந்த நாட்டுக்கு நன்றி காட்டுவோம் என்று சில சங்கத் தலைவர்கள் மேடையில் பேசும்போது எனக்குச் சங்கடமாக இருக்கும். வாடகைக்கு இருப்பவர் வீட்டுக்காரரின் பிறந்தநாளுக்குப் பழத்தட்டோடு போய் நிற்பது போன்றது அது. நாம் வரி கட்டுகிறோம். நம் பிள்ளைகள் மருத்துவமனைகளில் இரவு முறையில் நிற்கிறார்கள். நம் பெற்றோர்கள் இந்த மண்ணில் எரியூட்டப்பட்டிருக்கிறார்கள். விருந்தினர் என்ற நிலை எப்போதோ முடிந்துவிட்டது. நம் விசுவாசத்தை அளக்க வருகிறவர்களுக்கு ஏப்ரல் 23 அன்றும் அளவுநாடா கொடுக்க வேண்டியதில்லை.

மாறாக, என் மனத்தில் இருப்பது ஊர் என்ற சொல். லண்டன் ஹரோவில் பிறந்த பிள்ளையிடம் “உங்கட ஊர் எது?” என்று கேட்டுப் பாருங்கள், சாவகச்சேரி என்றோ கரவெட்டி என்றோ சொல்லும். அந்தப் பிள்ளை அந்த ஊரை ஒருமுறைகூடக் கண்டிருக்காது. நாம் அப்படிச் சொல்லப் பழக்கியிருக்கிறோம். அதில் தவறில்லை, நானும் பழக்கியவன். ஆனால் அது பேருந்துக்கு நிற்கும் தெருவும், முதற் பல் விழுந்த வகுப்பறையும், வாத்துக்குப் பாண் போட்ட குளமும் அதன் ஊரில்லை என்றால், அவற்றை யாருடைய ஊர் என்று அந்தப் பிள்ளை நினைக்கும்? கம்பத்தில் கொடி கட்டியவருடையது என்றுதானே? “அது எங்களுக்கு எதிரான கொடியா?” என்ற கேள்வி அங்கிருந்துதான் பிறந்தது. அந்தக் கேள்வியில் பாதியைக் கொடி கட்டியவர்கள் எழுதினார்கள். மறு பாதியை, வேறு நிகழ்ச்சி இருக்கிறது என்று பொய் சொன்ன நாங்கள் எழுதினோம்.

செய்யக்கூடியது பெரிய காரியமன்று. பொது விடுமுறை கேட்டு மனுப்போடச் சொல்லவில்லை. 2017 தேர்தலில் தொழிற்கட்சி நான்கு புனிதர் நாள்களையும் விடுமுறையாக்குவதாகச் சொல்லித் தோற்றபின் அந்தப் பேச்சு அடங்கிவிட்டது, வேல்ஸ் மன்றம் 2000இலேயே ஒருமனதாகக் கேட்டும் மார்ச் 1 இன்னும் வேலைநாள்தான். நான் கேட்பது ஒரு சனிக்கிழமை பிற்பகல். கற்றலோனியாவில் இதே ஏப்ரல் 23 அன்று ஒருவருக்கொருவர் புத்தகமும் ரோசாவும் கொடுப்பார்கள். யுனெஸ்கோ 1995இல் அந்த நாளையே உலகப் புத்தக நாளாக அறிவித்தது. ஷேக்ஸ்பியர் இறந்ததும் 1616இன் அதே திகதியில். பிரித்தானியப் பள்ளிகளில் புத்தக நாள் மார்ச்சிலேயே கொண்டாடப்படுவதால், ஏப்ரல் 23 இங்கே காலியாகவே இருக்கிறது. சித்திரைப் புத்தாண்டு முடிந்து ஒன்பதாம் நாள், கைவிசேடக் காசு பிள்ளைகளின் கையில் இன்னும் மீதமிருக்கும் நேரம். தமிழ்ப் பள்ளிகள் மண்டபத்தைத் திறந்து, பழைய தமிழ்ப் புத்தகங்களையும் ஆங்கிலப் புத்தகங்களையும் ஒரே மேசையில் பரப்பி, அயலவர்களை அழைத்து, கேக்கும் வடையும் பரிமாறினால் போதும். புனித ஜோர்ஜின் கதையை, லொட் நகரத்தையும் கோட்டையையும் விடாமல், பெரிய பிள்ளைகள் சிறிய பிள்ளைகளுக்குத் தமிழில் சொல்லட்டும். கொடி வேண்டுமா என்று கேட்பீர்கள். ஒன்று போதும், முறையாக ஏற்றி, மாலையில் முறையாக இறக்குவோம். கவுன்சிலர்களை அழைக்கலாம், ஆனால் ஒலிவாங்கி கொடுக்க வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து. தேர்தல் வருகிற ஆண்டுகளில் அவர்கள் வடையை விடப் படத்தில் அக்கறையாக இருப்பார்கள்.

வரமாட்டேன் என்பவர்களைக் கட்டாயப்படுத்த வேண்டாம். எந்தக் கொடியின் கீழும் நிற்க மனமில்லாத அளவுக்குப் பட்டவர்கள் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் இருப்பதும் இந்த நாட்டில் அவர்களுக்குள்ள உரிமையே.

மண்டபப் பொறுப்பாளரான அந்த அம்மாவைச் சென்ற சனிக்கிழமை சந்தித்து, கடந்த வசந்தத்தில் நாங்கள் சொன்னது உண்மையில்லை என்று ஒப்புக்கொண்டேன். தனக்கு அப்போதே தெரியும் என்றார். மண்டபத்தின் பதிவேட்டை எழுதுவதே தான்தானே என்று சிரித்தார். இந்த ஆண்டு ஏப்ரல் 23 வியாழக்கிழமை. 25ஆம் திகதி சனிக்கிழமை பிற்பகல் இரண்டு மணி முதல் ஐந்து மணி வரை எங்கள் பள்ளியின் பெயரை அதே பதிவேட்டில் பென்சிலால் எழுதிவைத்திருக்கிறார். அதைப் பேனாவால் எழுதச் சொல்ல எங்கள் நிர்வாகசபையின் முடிவு வேண்டும். உங்கள் ஊர் மண்டபங்களுக்கு உங்கள் முடிவு வேண்டும். அடுத்த கூட்டத்தின் நிகழ்ச்சி நிரலில் இதைச் சேர்த்துக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இங்ஙனம்,
உங்களில் ஒருவன்,
வடமேற்கு லண்டனில் தமிழ் படிப்பித்தவன்.